பசறை மலையில் மனப்புண்ணும் மருந்தும்

கொழும்பிலிருந்து மலைநாட்டின் வழியே செல்லும் ரயில் பாதை 1924ஆம் ஆண்டு பதுளையை எட்டியது. அத்துடன் நின்றும் விட்டது. பசறைக்குச் செல்ல விழைவோர் அங்கிருந்து பஸ் வண்டியையே நாட வேண்டும். ஒருபுறம் செங்குத்தான மலை, மறுபுறம் பள்ளத்தாக்கு, நடுவே நெளிந்தோடும் பாதை. ஒன்பது சிகரங்கள் என்னும் பொருளுடைய நமுனுகுல மலை 2,036 மீற்றர் உயரத்தில் முகிலைப் போர்த்தி நிற்கிறது. சரிவெங்கும் தேயிலைப் பசுமை. அப்பசுமையை உண்டாக்கியோர் தமிழகத்திலிருந்து வந்தவர்களே. அவர்தம் வழித்தோன்றல்கள் பலர் இன்றும் லயக் காம்பராக்களிலேயே வாழ்கின்றனர் என்பதை, இக்காட்சியில் மனம் பறிகொடுப்போர் மறத்தல் ஆகாது.

பசறை என்றதும் பலர் நினைவுக்கு வருவது ஒரு துயரமே. 2021 மார்ச் 20ஆம் நாள், லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற பஸ் ஒன்று 13ஆம் கட்டைப் பகுதியில் பள்ளத்தில் வீழ்ந்தது. 14 பேருக்குக் குறையாமல் மாண்டனர். இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில், 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை மலை சரிந்து லயங்களை மூடிற்று. புதையுண்டோர் பலரின் உடல் கிடைக்கவேயில்லை.

முறிந்த எலும்பு கூடிவிடும். மனம் அவ்வளவு எளிதில் கூடுவதில்லை. மழை இரைந்தால் உறக்கம் கலைகிறது. பஸ் ஏறக் கால் கூசுகிறது. நடந்தது மீண்டும் கண்முன் நடக்கிறது. ஈழத்து மருத்துவர்கள் இதற்கு 'மனவடு' என்று பெயரிட்டிருக்கின்றனர். நல்ல சொல்.

மனவடுவை மனோவசியத்தால் ஆற்றலாம் என்று கூறுவோர் உளர். மனோவசியம் என்றவுடன் ஊசலாடும் கடிகாரமும் மந்திரவாதியின் உருட்டு விழியும் நம் நினைவுக்கு வருகின்றன அல்லவா? உண்மை வேறு. கோவாவிற் பிறந்து 1819இல் பாரிஸ் நகரில் மறைந்த பாதிரியார் ஃபாரியா, வசியம் செய்பவரிடம் தனிச் சக்தி ஏதுமில்லை, ஆட்படுபவரின் உள்ளமே அனைத்தையும் விளைவிக்கிறது என்று அன்றே விளக்கினார். ஒரு பொருளில் ஆழ்ந்து ஒன்றிய கவனம் என்றே இன்றைய அறிஞரும் அதனைக் கொள்வர். தமிழில் 'அறிதுயில்' என்றும் வழங்குவர். பாற்கடலிற் பள்ளி கொண்ட பெருமானின் துயிலுக்குரிய சொல்லை மருத்துவத்துக்கு ஈந்தவர் யாரோ, அவர் வாழ்க!

இவ்வாறு ஒன்றிய கவனம் தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. பசறை பஸ்ஸில் நம் அருகே அமர்ந்திருந்த மூதாட்டி, வளைவு வந்ததும் கண்களை மூடி உதடுகளை அசைக்கத் தொடங்கினார். "பயமா இருக்கா பாட்டி?" என்று வினவினோம். "இல்லீங்க ஐயா. வளைவு தாண்டுற வரைக்கும் முருகன் பேரச் சொல்லிக்கிட்டிருந்தா மனசு கீழ பாக்காது" என்றார்.

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போரினால் நொந்தவர்களுக்குச் சிகிச்சை அளிக்கையில், அவரவர் சமயத்துக்கேற்ற திருநாமத்தை உருவேற்றுதலையும் மூச்சுப் பயிற்சியையும் சாந்தி ஆசனத்தையும் துணையாகக் கொண்டார். மூதாட்டி எந்த மருத்துவரிடமும் பயின்றவர் அல்லர்.

மாசி மாதத்துக் காமன் கூத்தையும் இங்கே சொல்ல வேண்டும். மன்மதன் எரிகிறான், ரதி புலம்புகிறாள், தப்பு முழங்க ஊரே கூடி நின்று கண் கலங்குகிறது, பின்னர் மன்மதன் எழுகிறான். உடல் கிடைக்காமையால் இறுதிக் கடனும் செய்ய இயலாதோர்க்குத் தம் அழுகையை இறக்கிவைக்க ஓர் இடம் இங்கே கிடைக்கிறது என்றே நமக்குத் தோன்றுகிறது. தனித்து அழ நாணும் ஆடவரும் அன்றிரவு நாணுவதில்லை.

ஆயினும், ஆறுதல் வேறு, சிகிச்சை வேறு. அறிதுயிலில் ஆழ்த்திப் பழைய நினைவைத் தோண்டினால், நடவாததும் நடந்ததாகப் பதிந்துவிடக் கூடும். உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டலில் மனவடுவுக்கென முன்வைத்தது மனோவசியத்தை அன்று. பயிற்சி பெற்றவர் துணையுடன் அச்சத்தைச் சிறுகச் சிறுக எதிர்கொள்ளும் பேச்சு மருத்துவத்தையும், கண்ணசைவு கொண்டு செய்யும் ஒரு முறையையுமே அது பரிந்துரைத்தது. எனவே, பேய் பிடித்ததென்று வேப்பிலையால் அடிப்பவரிடமும், ஒரே அமர்வில் குணம் என்று பணம் கேட்கும் வசியக்காரரிடமும் பிள்ளைகளை ஒப்படைப்பது கொடுமை.

பதுளையில் அரசினர் வைத்தியசாலை உண்டு. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி எண்ணும் உண்டு. ஆனால், மலை இறங்கி மருத்துவரைக் கண்டு திரும்பினால் கொழுந்து பறிப்பவருக்கு அன்றைய 'பேர்' போய்விடும். பேர் என்பது தோட்டத்து வழக்கில் ஒரு நாட் கூலி. பேய் ஓட்டுபவரோ மாலையில் லயத்து வாசலுக்கே வந்துவிடுகிறார். மருத்துவர் ஒருவரும் மாதம் ஒரு நாளேனும் கொழுந்து நிறுத்து முடிந்தபின் மாரியம்மன் கோயில் முன்றிலில் வந்து அமர்வாராயின், அங்கே வரிசை நிற்கும் என்றே எண்ணுகிறோம்.