கூப்வ்ரே கற்பிக்கும் பாடம்

பாரிஸ் மாநகருக்குக் கிழக்கே கூப்வ்ரே என்னும் சிற்றூர் உள்ளது. சேணம் தைத்து வாழ்ந்த ஒருவரின் பழைய கல்வீடு அங்கே அருங்காட்சியகமாகத் திகழ்கிறது. 1809-ஆம் ஆண்டு லூயி பிரெயில் பிறந்த இல்லம் அதுவே. தந்தையின் பட்டறையுள் நுழைந்ததும், தோலைத் துளைக்கும் கூரிய கருவிகளையே நம் கண்கள் தேடின. மூன்று வயதில் அத்தகைய கருவியொன்று கண்ணில் தைக்க, புண் மறு கண்ணுக்கும் பரவி, அச்சிறுவன் பார்வையை முற்றும் இழந்தான்.

பதினைந்து வயதில், 1824-இல், ஆறு புள்ளிகளாலான எழுத்துமுறையை அவர் வகுத்தார். ஆயினும் அவர் பயின்ற பாரிஸ் பள்ளி அதனை முறைப்படி ஏற்றது 1854-இல்தான். அவர் மறைந்து அப்போது ஈராண்டுகள் ஆகியிருந்தன. 1952-இல் அவரது உடல் பாரிஸின் பாந்தியோன் மண்டபத்திற்குக் கொண்டு செல்லப்பட்டது. கரங்கள் மட்டும் இவ்வூர்க் கல்லறையிலேயே துயில்கின்றன.

இன்று அப்புள்ளிகள் கணினியோடும் கைகோத்துள்ளன. திரைவாசிப்பு மென்பொருள் பாடத்தைக் குரலாக்குகிறது. பிரெயில் பலகையில் நுண்முனைகள் எழுந்தும் தாழ்ந்தும் வரிக்கு வரி விரலுக்குப் புலனாகின்றன. 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பெற்ற என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது.

ஆனால் பாடப்பக்கத்தை வெறும் ஒளிப்படமாக அனுப்பினால் அக்கருவி தடுமாறும். விளக்கம் எழுதப்படாத வரைபடத்தைக் கற்கவும் இயலாது. இரண்டு வரி விளக்கம் எழுதப் பொருட்செலவில்லை, மனமே வேண்டும். வழி பிறந்த பின்னரும் ஒரு பள்ளி முப்பதாண்டுகள் தயங்கிற்று. நம் வகுப்பறைப் பிள்ளைகளை நாமும் அவ்வாறு காக்க வைக்கலாகுமோ?