ஆயாக் கொட்டகையில் கணக்கு ஆட்டம்

பரீட்சை நெருங்கிவிட்டது என்ற செய்தி லயத்திற்குள் நுழைந்ததும் மூன்று காரியங்கள் நடைபெறுவதை நாம் ஆண்டுதோறும் கண்டு வருகிறோம். பேனாவும் பென்சிலும் சாமியின் காலடியில் வைத்துப் பூசை செய்யப்படுகின்றன. தொலைக்காட்சி அணைக்கப்படுகிறது, பெரியவர்களின் நாடகம் தொடங்கும் வேளையில் அது தானாகவே மீண்டும் உயிர் பெறுகிறது. மூன்றாவதாக, கதவுக்குப் பின்னால் தொங்கும் ரோத்தான் இறக்கப்படுகிறது. இம்மூன்றினாலும் ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது ஒரு குழந்தையின் மனத்தில் பதிந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

ஆறாம் ஆண்டு அரசாங்கப் பரீட்சையாகிய யு.பி.எஸ்.ஆர். 2021இல் அகற்றப்பட்டபோது இந்த அச்சமும் கூடவே ஒழியும் என்று நம்பியவர்களுள் நாமும் ஒருவர். அச்சம் ஒழியவில்லை. நான்காம் ஆண்டு முதல் பள்ளியாண்டின் இறுதியில் வரும் சோதனை அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆகவே, கைக்குழந்தைகள் இல்லாமல் பூட்டிக் கிடந்த ஆயாக் கொட்டகையின் சாவியை வாங்கி, ஞாயிறுதோறும் காலையில் பதினாறு பிள்ளைகளுக்குக் கணக்கை மீண்டும் நினைவூட்டும் வேலையை மேற்கொண்டோம். நாம் உபாத்தியாயர் அல்லோம். செம்பனைக் குலைகளின் எடையையும் ஆட்களின் பேரையும் எழுதிக் காலங்கழிக்கும் கிராணி. அதிலும் கணக்கை ஆங்கிலத்தில் கற்றவர். பின்னம், தசமம், வகு எண் என்னும் சொற்களைப் பிள்ளைகளே நமக்குக் கற்பித்தார்கள். நாம் தவறாகச் சொல்லும்போதெல்லாம் கொட்டகை சிரிப்பால் நிறைந்தது. அந்தச் சிரிப்பு நமக்கு உதவியாகவே இருந்தது. பெரியவரும் தவறலாம் என்பதை அவர்கள் அன்றுதான் கண்டார்கள் போலும்.

படித்ததையே திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எடுப்பதே நெடுநாள் நிற்கும் என்பதை 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் கல்லூரி மாணவர்களைக் கொண்டு சோதித்து வெளியிட்டனர். அவர்கள் சோதித்தது உரைநடைப் பாடங்களை, கணக்கை அன்று. ஆயினும், கேள்வி கேட்டு விடை வாங்கும் ஆட்டம் வீணாகாது என்ற துணிவு அதனால் நமக்கு வந்தது.

முதல் ஞாயிறு நாம் செய்தது பெருந்தவறு. பிள்ளைகளை அவர்கள் விருப்பப்படி பிரியச் சொன்னோம். மேட்டு லயத்தார் ஒருபுறமும் கீழ் லயத்தார் ஒருபுறமுமாக நின்றனர். அந்தப் பிரிவினையின் வேர் எதுவென்பதை வாசகர்கள் அறிவார்கள். நாம் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. இரு வரிசையிலிருந்தும் ஒவ்வொருவராகக் கரும்பலகைக்கு ஓடி வந்து கணக்கைப் போட வேண்டும். முந்தியவருக்கு ஒரு புள்ளி. ஆரவாரம் கொட்டகையின் தகரக் கூரையைத் தூக்கியது. நாமும் மகிழ்ந்து நின்றோம்.

பிறகு ஐந்தாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தியின் முறை வந்தது. கணக்கு, 1000இலிருந்து 387ஐக் கழிப்பது. அவள் சுண்ணாம்புக் கட்டியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். எதிர் வரிசைப் பையன் கண்மூடித் திறப்பதற்குள் 1387 என்று எழுதிவிட்டுத் திரும்பினான். பூச்சியத்திலிருந்து ஏழு போகாததால் ஏழிலிருந்தே பூச்சியத்தைக் கழித்துவிட்டான்; கழித்த பின் தொகை பெருகியிருப்பது அவன் கண்ணிலேயே படவில்லை. அவளோ கடன் வாங்கிக் கடன் வாங்கி இரண்டு இலக்கம் முடித்திருந்தாள். அதற்குள் அவளுடைய வரிசையே அவளை ஏசத் தொடங்கியது. “உன்னாலேதான் தோத்தோம்” என்ற சொல் நம் காதிலும் விழுந்தது. நாம் தடுக்கவில்லை, விளையாட்டுத்தானே என்று இருந்துவிட்டோம்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. வயிற்றுவலி என்றார் தாயார். அதற்கடுத்த ஞாயிறும் வயிற்றுவலிதான். ரோத்தான் இல்லாமலேயே ஒரு குழந்தையை அடித்துவிட்டோம் என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது.

1970களில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டிவிரீஸ், எட்வர்ட்ஸ் என்பவர்கள் வகுத்த குழுவாட்ட முறையைப் பற்றிப் பிறகு படித்தோம். அதன் சாரம் எளியது. ஒவ்வொரு குழுவிலும் வல்லவரும் மெலிந்தவரும் கலந்திருப்பர். அவர்கள் முதலில் ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொள்வர். போட்டிக்கு வரும்போதோ, ஒவ்வொருவரும் தம் நிலைக்கு ஒத்த பிற குழுவினரோடு மட்டுமே மோதுவர். மெல்லக் கற்பவர் மேசையில் வென்றாலும் வேகமானவர் மேசையில் வென்றாலும் குழுவுக்குக் கிடைக்கும் புள்ளி ஒன்றே. இதைப் படித்து முடித்தபோது, நாம் கரும்பலகை ஓட்டத்தில் எதைக் கோட்டைவிட்டோம் என்பது விளங்கிற்று.

நாமே நால்வர் கொண்ட நான்கு குழுக்களை அமைத்தோம். லயம் பாராமல், ஆண் பெண் பாராமல். ஒரு தகப்பனார் ஆபீசுக்கே வந்து, தம் மகனை இன்னாரோடு ஏன் உட்கார வைத்தீர்கள் என்று வினவினார். கணக்குக்கு அந்த விவரம் தெரியாது ஐயா என்றோம். அவர் மகிழவில்லை, மகனை நிறுத்தவும் இல்லை.

அச்சிறுமியின் வீட்டுக்கு நாமே சென்றோம். இனி ஓட்டம் இல்லை, யாரும் தனியாகப் பலகைக்கு வரவேண்டியதில்லை என்று சொன்னோம். அவள் ஒன்றும் பேசாமல் தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். மறு ஞாயிறு, தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஆயாக் கொட்டகைக்கு ஒரு குழந்தையும் வந்து சேர்ந்தது.

அன்றைய கேள்விகளுள் ஒன்று: 3.45, 3.5 இவற்றுள் எது பெரியது? குழுக்கள் தமக்குள் கலந்து பேச இரண்டு நிமிடம் கொடுத்தோம். மூன்று குழுக்கள் 3.45 என்றன. நாற்பத்தைந்து ஐந்தைவிடப் பெரியதல்லவா! அவளுடைய குழுவிலும் மற்ற மூவர் அப்படியே வாதித்துக்கொண்டிருந்தனர். அவள் மெல்லச் சொன்னாள்: “3.5ன்னா மூணு வெள்ளி அம்பது காசு. இன்னொண்ணு மூணு வெள்ளி நாப்பத்தஞ்சு காசுதானே? கடைக்காரர் அஞ்சு காசு குறைவாக் குடுத்தா அம்மா விடமாட்டாங்க.” அவள் சொன்னதையே அக்குழு விடையாக எழுதிற்று. முதல் ஞாயிறு அவளை ஏசியவர்களுள் ஒருவனே எழுந்து நின்று அந்த விளக்கத்தை மற்றவர்களுக்குச் சொன்னான்; தன் சொந்தச் சரக்கைப் போலவே சொன்னான் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

பரிசு மட்டும் இன்னும் தொல்லையாகவே இருக்கிறது. மிட்டாய் வைத்தால் விடையைக் கையால் மறைக்கிறார்கள். வைக்காவிட்டால் பொடியன்கள் முணுமுணுக்கிறார்கள். இப்போதைக்கு மிட்டாயை எல்லோருக்கும் ஆட்டம் முடிந்த பிறகு பகிர்ந்துவிடுகிறோம். பதினாறு பேருக்கு இருபது மிட்டாய் என்றால் ஆளுக்கு எத்தனை, மீதி எத்தனை என்று கேட்டோம். மீதி நான்கும் தம்பிக்கே என்று தீர்ப்பாயிற்று.

வருகிற ஞாயிறு பின்னங்களைக் கூட்டுவது. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று சொல்பவர்கள் நம் கொட்டகையில் பாதிப்பேர். அரையைவிட அது குறைவாயிற்றே என்று இன்னும் ஒருவரும் கேட்கவில்லை. பன்னிரண்டு கட்டம் போட்ட அட்டைகள் வேண்டும். அவற்றை வெட்டித் தருவதாக அச்சிறுமி ஒப்புக்கொண்டிருக்கிறாள். கத்தரிக்கோல் ஆபீசிலிருந்து போக வேண்டும்.