ஈர மணலில் ஒரு ழகரம்

மயிலாடுதுறையில் பேருந்து ஏறி உட்காரவும் உசிலம்பட்டி போன் செய்யவும் சரியாக இருந்தது. "எங்கய்யா இருக்க? நான் காலையிலயே வந்து எறங்கிட்டேன். வேதாரண்யம் காரைக்கால தாண்டிட்டானாம். நீதான் பாக்கி."

அவனுக்கு நான் அரியலூர். தாய் தகப்பன் வைத்த பெயர்கள் எங்கள் மூவருக்கும் உண்டு. அவை பணிப்பதிவேட்டிலும் ஓய்வூதியப் புத்தகத்திலும் இருக்கின்றன. எங்களுக்குள் அவை புழங்கியதே இல்லை. 1983-இல் தரங்கம்பாடி லுத்தரன் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி விடுதியில் சேர்ந்த முதல் ராத்திரி, ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பது தெரிந்ததும், சீனியர் அண்ணன் ஒருவர் எல்லாரையும் ஊர்ப் பெயராலேயே கூப்பிட்டுவிட்டார். அந்தப் பெயர்தான் நிலைத்தது. என் மகள் கல்யாணப் பத்திரிகையைக்கூட 'அன்புள்ள உசிலம்பட்டிக்கு' என்று எழுதித்தான் அனுப்பினேன்.

செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர். பேருந்து ஒவ்வொரு ஊராகத் தாண்டும்போது ரயில் போன பாதை எங்கே என்று கண் தேடிக்கொண்டே இருந்தது. முதன்முதலில் நான் தரங்கம்பாடிக்குப் போனது ரயிலில்தான். மயிலாடுதுறையிலிருந்து கடற்கரை வரை மீட்டர் கேஜ் பாதை, 1926-இல் போட்டது. வயலுக்கு நடுவே நிதானமாகப் போகும். தில்லையாடியில் நிற்கும், பொறையாற்றில் நிற்கும், அதற்கப்புறம் கடல் வாசனை வந்துவிடும். தகர டிரங்குப் பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, மடியில் அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றோடு வந்து இறங்கினேன். நாங்கள் படிப்பை முடித்த மறு வருடம், 1986-இல், அந்த ரயிலை நிறுத்திவிட்டார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்த இடத்தில் இப்போது கருவேலம் மண்டியிருக்கிறது. அந்தப் பாதை திரும்ப வர வேண்டும் என்று இந்தப் பக்கத்து மக்கள் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு.

ஊருக்குள் நுழைய 1792-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய நகர வாயில். அதற்குள் போனால் கிங்ஸ் தெரு, நேரே கடல். 1620-இல் கட்டிய டேன்ஸ்பர்க் கோட்டை, 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன கதை, இதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். நான் போய் நின்றது அந்தத் தெருவிலேயே இருக்கும் புது எருசலேம் ஆலயத்தின் முன்னால். உசிலம்பட்டி வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. "வாய்யா" என்று கையைப் பிடித்தவன் கொஞ்ச நேரம் விடவே இல்லை.

சிலுவை வடிவில் 1718-இல் கட்டிய ஆலயம். முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக்கின் முத்திரை. உள்ளே பலிபீடத்துக்கு முன்னால் தரையடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் அடக்கமாகியிருக்கிறார். 1706 ஜூலை 9-ஆம் தேதி இந்தக் கரையில் இறங்கியபோது அவருக்கு இருபத்து நாலு வயது தொட்டும் தொடாமலும் இருந்தது. 1719-இல் இறந்தபோது முப்பத்தாறு. இடையில் இருந்த பதின்மூன்று வருடத்துக்குள் பள்ளிக்கூடங்கள், அச்சுக்கூடம், தமிழில் புதிய ஏற்பாடு. ஆசிரியர்களை உருவாக்க 1716-இல் எட்டு மாணவர்களோடு அவர் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். எங்கள் பயிற்சிப் பள்ளி தன் வேரை அங்கேதான் காட்டும். சேர்ந்த புதிதில் இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அரியலூர்ப் பக்கத்தில் எங்கள் தெருவில் வாத்தியார் வேலைக்குப் படிக்கப் போன முதல் ஆள் நான். 267 வருடம் நடந்துவந்த ஒரு வரிசையின் கடைசியில் போய் நின்றது போல இருந்தது.

எங்கள் வீடு சைவம். நெற்றியில் திருநீறோடுதான் விடுதிக்குள் போனேன். அங்கே குருவானவரை எல்லாரும் 'ஐயர்' என்றார்கள். லுத்தரன் சபையில் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று தெரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. விடியற்காலை ஐந்துக்கு மணி அடிக்கும். ஆறு மணிக்கு ஜெபம். ஞானப்பாட்டு என்றால் ஜெர்மன் மெட்டு, நிமிர்ந்து நின்று பாட வேண்டும். கீர்த்தனை என்றால் நம்ம ராகம், உட்கார்ந்துகொண்டே பாடலாம். வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை வரும் நாளில் எனக்குள் ஏதோ இளகிவிடும். அவரும் தரங்கம்பாடியில் படித்தவர், சின்ன வயதிலேயே தஞ்சாவூர் மிஷன் பள்ளியில் ஆசிரியர் ஆனவர் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். என் திருநீற்றைப் பற்றி அந்த இரண்டு வருடத்தில் ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்டதில்லை. இதை நான் எங்கே போனாலும் சொல்வேன், இங்கேயும் சொல்கிறேன்.

நீளமான ஓட்டுக் கூடம். சுவரோரமாக டிரங்குப் பெட்டிகள், ஆளுக்கு ஒரு கோரைப்பாய். கரன்ட் போனால் மூன்று பேருக்கு ஓர் அரிக்கேன் விளக்கு. மெஸ் கணக்கு டிவைடிங் சிஸ்டம்தான்: மாதச் செலவைத் தலைக்கு, நாளுக்கு என்று வகுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். மெஸ் செக்ரட்டரி ஆனவனுக்கு அந்த மாதம் தூக்கம் கிடையாது. காலையில் கோதுமை ரவை உப்புமா, மத்தியானம் சாம்பார். கானாங்கெளுத்தி மலிவாக வந்த நாளில் மட்டும் மீன் குழம்பு, அன்றைக்கு எனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் தனியாக ரசம் வைத்துவிடுவார் சமையல்கார அண்ணன். வேதாரண்யத்தால் ஒரு மாதம் மெஸ் பில் கட்ட முடியவில்லை. உப்பளத்தில் அந்த வருடம் மழை தப்பிப் பெய்து பாத்தியெல்லாம் கரைந்துவிட்டது, வீட்டிலிருந்து மணியார்டர் வரவில்லை. அவன் யாரிடமும் சொல்லாமல் ஊருக்குக் கிளம்பப் பெட்டி கட்டினான். உசிலம்பட்டி அந்தப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். பணம் கட்டியாகும் வரை அவன் இறங்கவில்லை. யார் யார் எவ்வளவு போட்டார்கள் என்று இன்றுவரை எழுதிவைத்த கணக்கு இல்லை.

வேதாரண்யத்துக்கு இன்னொரு கஷ்டம் இருந்தது. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். கரும்பலகையில் அவன் எழுதினால் வரி கீழே சரிந்துகொண்டே போகும். இடது ஓரத்தில் தோள் உயரத்தில் தொடங்கியது வலது ஓரம் போகும்போது இடுப்புக்கு வந்துவிடும். பாடக்குறிப்பு அருமையாக எழுதுவான். ஆர்வமூட்டல், பாட வளர்ச்சி, வலுவூட்டல், மதிப்பீடு என்று ஒவ்வொரு படியும் அச்சு வார்த்தது போல இருக்கும். வகுப்பில் போய்ப் பலகைப் பக்கம் திரும்பினால் போதும், குரலும் உள்ளே போய்விடும். நுண்நிலைக் கற்பித்தலில் ஏழு நிமிடத்துக்குள் ஒரு சொல் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, நேரம் முடிந்துவிடும். மாதிரிப் பள்ளிப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

கரும்பலகை எழுத்து கையால் எழுதுவது மட்டுமில்லை, காலாலும் எழுதுவது. கையை நீட்டிக்கொண்டே போனால் வரி சரியத்தான் செய்யும். ஒரு சொல்லுக்கு ஒரு முறை பக்கவாட்டில் நகர வேண்டும். கீழே எழுதக் குனியக் கூடாது, முழங்காலை மடக்க வேண்டும். சாக்பீஸைப் பாதியாக ஒடித்துக்கொண்டால் கீச்சிடாது. நுனி ஒரு பக்கமாகத் தேயாதபடி விரலில் உருட்டிக்கொண்டே எழுத வேண்டும். இதெல்லாம் உசிலம்பட்டிக்குத் தெரியும், அவன் அப்பா ஈராசிரியர் பள்ளியில் வாத்தியார். ஆனால் விடுதியில் பலகை இல்லை, சுவரில் எழுதினால் அபராதம். ஒரு சாயங்காலம் வேதாரண்யத்தைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனோம்.

அலை வந்து திரும்பிப் போன இடத்தில் மணல் இறுகியிருக்கும். கால் வைத்தால் புதையாது. பளபளப்பு மறைந்து மங்கலாகும் அந்த நேரம் பார்த்துக் குச்சியால் எழுதினால் பலகையில் எழுதியது போலவே விழும். வேதாரண்யம் நின்றுகொண்டு எழுதினான். அங்கேயும் வரி சரிந்தது. குச்சியைப் போட்டுவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். சுட்டு விரலால் ஒரு 'ழ' போட்டான்.

அதைப் போல ஒரு ழகரத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. மேலிருந்து இறங்கிய கோடு கொஞ்சமும் நடுங்கவில்லை. அடியில் சுழி திரும்பும் இடத்தில் விரல் ஒரு கணம் நின்று, மணலைக் கொஞ்சம் அழுத்தி, அப்புறம் வெளியே வந்தது. பள்ளத்தின் ஓரத்தில் மணல் மெல்லிய வரப்பாக எழும்பி நின்றது. அவன் அப்பாயி அவனுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தது உப்பளத்துக் கரையில், ஈர மண்ணில், இப்படி உட்கார்ந்து, விரலால். பலகையில் எழுதியவன் வேறு ஆள். இவன்தான் நிஜமான ஆள்.

வலை உலர்த்தும் இடத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நாலைந்து பேர் வந்து பார்த்தார்கள். அவன் யாரையும் கூப்பிடவில்லை. அவர்களாகவே அவனைச் சுற்றி உட்கார்ந்து விரலால் எழுதத் தொடங்கினார்கள். ஒரு சின்னப் பெண்ணுக்குச் சுழி திரும்பவில்லை. அவன் எழுந்து அவளுக்கு எதிரே போய் நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து அவள் பக்கத்தில் போய், அவள் பார்க்கும் திசையிலேயே தானும் பார்த்துக்கொண்டு எழுதிக் காட்டினான். குரலும் வந்துவிட்டது. அரை மணி நேரம் நடந்தது. நாங்கள் இருவரும் வாயே திறக்கவில்லை.

நடைக்கு வந்த எங்கள் தமிழ் ஐயா பின்னால் நின்றிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. அன்று ராத்திரி விடுதிக்கு வந்து, பாயில் எங்களோடு உட்கார்ந்து, அவர் சொன்னார். சீகன்பால்கும் அவரோடு வந்த புளுட்சோவும் தமிழ் படிக்க வழி தெரியாமல் தவித்தபோது, திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைத் தங்கள் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொன்னார்களாம். ஜெர்மனியில் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவர், சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதியிருக்கிறார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் ஆண்ட்ரூ பெல் என்பவர், நம் பிள்ளைகள் மணலில் எழுதி ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுப்பதைப் பார்த்து, பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குக் கற்றுத்தரும் முறையை எழும்பூர் அனாதைப் பள்ளியில் நடத்தி, இங்கிலாந்துக்கும் கொண்டுபோனார். அங்கே அதற்குப் பெயரே மெட்ராஸ் முறை. சொல்லி முடித்துவிட்டு ஐயா வேதாரண்யத்தின் விரலைப் பிடித்துப் பார்த்தார். "இத விட்றாதடா" என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து அவன் வகுப்பில் தாம்பாளத்தில் மணல் இருந்தது. அந்த வருடத் துணைக்கருவிகளில் செலவே இல்லாத கருவி அதுதான். தீப்பெட்டி, அட்டைப்பெட்டி, தென்னை ஈர்க்கு என்று நாங்களும் தேடித் தேடிச் செய்தோம். ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்து பெரிதாக இருந்து காகிதம் போதாமல் போனபோது, பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடியை உருக்கிப் பொறையாற்றில் சின்ன எழுத்து வார்த்தார்கள் என்பது இந்த ஊரில் எல்லாரும் சொல்லும் கதை. எங்களுக்கு அது வழிகாட்டியாக இருந்தது. பலகை எழுத்தும் மெல்ல மெல்ல வந்தது. விளக்கு வெளிச்சத்தில், சிலேட்டுகளை வரிசையாகச் சுவரில் சாத்தி வைத்து, உசிலம்பட்டி அவன் பின்னால் நின்றுகொண்டு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வான்: "எழுதுற எழுத்தப் பாக்காத. அடுத்த எழுத்து உக்காரப் போற எடத்தப் பாரு."

வேதாரண்யம் முப்பத்தைந்து வருடம் கடலோரப் பள்ளிகளிலேயே வேலை பார்த்தான். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அவன் வகுப்பிலும் பிள்ளைகள் குறைந்தார்கள். எத்தனை பேர் என்று நாங்கள் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. நிவாரணக் கொட்டகையில் பள்ளி தொடங்கிய அன்று மணல் தாம்பாளத்தைக் கொண்டுபோகவில்லை என்று மட்டும் ஒருமுறை கடிதத்தில் எழுதியிருந்தான். அரிசி பரப்பிக் கொடுத்தானாம்.

ஆலய வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மருமகன் வேதாரண்யத்தைக் கைத்தாங்கலாக இறக்கினார். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சு தப்பித்தது, நடையும் பாதிக்குமேல் திரும்பிவிட்டது. "வாடா அரியலூரு" என்று இடது கையை நீட்டினான். அந்தக் கையைப் பிடித்தபோது எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை.

மூவருமாகக் கடற்கரைக்கு நடந்தோம். மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் தின்றது போக மிச்சம் நிற்கிறது. கரையில் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். கோட்டைக்கு முன்னால் கொஞ்சம் மணல் இருக்கிறது. அங்கே அவனை மெதுவாக உட்கார வைத்தோம். உசிலம்பட்டியும் பக்கத்தில் உட்கார்ந்தான், முட்டி வலியோடு.

அலை வந்து போனது. மணல் மங்கும் வரை வேதாரண்யம் பொறுத்திருந்தான். பிறகு இடது கைச் சுட்டு விரலை ஊன்றினான். பிஸியோதெரபி டாக்டர் இடது கையால் எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறாராம், ஆறு மாதமாகப் பழகுகிறானாம். 'அ' வந்தது. 'ரி' வருவதற்குள் விரல் நடுங்கிக் கீழே இறங்கிவிட்டது. 'ய' இன்னும் கீழே. என் ஊரைத்தான் எழுதிக்கொண்டிருந்தான்.

உசிலம்பட்டி அவன் தோளில் கை வைத்தான்.

"எழுதுற எழுத்தப் பாக்காதய்யா" என்றான்.

வேதாரண்யம் விரலை எடுத்து, உட்கார்ந்தபடியே கொஞ்சம் நகர்ந்து, அடுத்த எழுத்துக்கான இடத்தைப் பார்த்தான்.