முன்றில் இலுப்பை

திருவண்ணாமலை இரமணாசிரம வாயிலைக் கடந்தால் முன்றிலில் முதியதொரு மரம். நிழலில் அமர்வோர் பலர்; பெயர் கேட்போர் அரியர். 1922-இல் ஆசிரமம் எழுவதற்கு முன்பே நின்ற இலுப்பை அது.

கிளைநுனியில் கொத்தாகச் செறிந்த நீள் இலைகள், கிள்ளினால் கசியும் பால், வேனிலில் செம்புநிறத் தளிர்: இனங்காண இவை போதும். சாறு நிறைந்த வெளிர்மஞ்சள் பூக்கள் இரவில் வௌவால்களை அழைத்து, விடியலில் தரையெங்கும் உதிர்ந்து கிடக்கும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பது ஏளனமொழிதான். ஆயினும் வாயிலிட்டவர் ஏளனம் செய்யார்.

ஊர்க்கோவில் விளக்குகள் இதன் விதையெண்ணெயில் எரிந்தன. மின்விளக்கு வந்தது, தோப்புகள் கோடரிக்கு இரையாயின. காய்ப்பதற்குப் பத்தாண்டு காத்திருக்க நம்மில் எவருக்குப் பொறுமை?

ஆடியில் விதை உதிரும். சில வாரங்களில் முளைப்புத்திறன் குன்றிவிடுமாதலால், பொறுக்கியவுடனே நாம் மண்ணில் ஊன்றவேண்டும்.