எண்ணுவோர்க்கு இடமில்லை

நெவாடாப் பாலைநிலத்தை இரவிற் கடந்து வருவோர்க்கு லாஸ் வேகாஸ் நகரம் முதலில் வானத்தின் விளிம்பிலே ஒரு வெளிச்சமாகவே தோன்றும். அணுக அணுக அவ்வெளிச்சம் மாடங்களாகவும் நீரூற்றுகளாகவும் பொய்ப் பிரமிட்டாகவும் பிரிந்து நிற்கும். சூதாட்டத்தை அம்மாநிலம் 1931ஆம் ஆண்டிலே சட்டபூர்வமாக்கிற்று. அதனால் வளர்ந்த இந்நகரைக் காணும் ஆவல் எமக்கு இருந்ததில்லை. கலிபோர்னியாவிற் பொறியியலாளராயிருக்கும் எம் பழைய மாணவரே, "சேர், இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பாராமற் போவதா?" என்று வற்புறுத்தி அழைத்துச் சென்றார்.

யாம் புகுந்த கசினோ மண்டபத்திலே மணிக்கூடு இல்லை, யன்னலும் இல்லை. பகலா இரவா என்பது உள்ளிருப்போர்க்குத் தெரிதலாகாது என்பது கட்டியவர் கருத்துப் போலும். கூரையெங்கும் கரிய கண்ணாடிக் குமிழ்கள், அவற்றினுள்ளே கமராக்கள். முற்காலத்திலே கூரைக்கு மேல் நடைபாதை அமைத்து, ஒருபுறம் மட்டும் தெரியும் கண்ணாடி வழியாக ஆட்களே கீழே நோக்கிக்கொண்டிருப்பராம்.

பிளாக்ஜாக் என்னும் ஆட்டம் நடந்த மேசையொன்றின் அருகே நின்றோம். இருபத்தொன்றைத் தாண்டாது, சீட்டுப் பகிர்பவரிலும் உயர்ந்த தொகையைப் பெறுதலே இதன் நோக்கம். ஆடி முடிந்த சீட்டுகள், கட்டு மறுபடி கலைக்கப்படும்வரை திரும்பி வாரா. ஆகவே எஞ்சிய கட்டிற் பத்துகளும் ஆசுகளும் மிகுந்திருந்தால் வாய்ப்பு ஆடுபவர் பக்கம் சாயும். இரண்டு முதல் ஆறு வரையுள்ள சீட்டு வந்தால் ஒன்றைக் கூட்டுக, பத்தோ படச்சீட்டோ ஆசோ வந்தால் ஒன்றைக் கழிக்க, ஏனையவற்றை விட்டுவிடுக. கணக்கு ஏறும்போது பந்தயத்தையும் ஏற்றுக. கலை இவ்வளவே. எம்மூரில் முந்நூற்றுநான்கு ஆடுவோர், துரும்பு எத்தனை இறங்கிற்று என்று மனத்திற் குறித்து வைப்பதற்கும் இதற்கும் பெரிய வேற்றுமை இல்லை.

எட்வேட் தோர்ப் என்னும் கணிதப் பேராசிரியர் ஐபிஎம் கணினியின் துணைகொண்டு இதனை ஆராய்ந்து, 1962இல் நூலாக வெளியிட்டார். கலங்கிய லாஸ் வேகாஸ் கசினோக்கள் 1964இல் ஆட்ட விதிகளையே கடுமையாக்கின. சனங்கள் மேசைகளை விட்டு விலகவே, சில வாரங்களுக்குள் பழைய விதிகளுக்குத் திரும்பின!

எம்முன் இருந்தவர் முப்பது வயது மதிக்கத்தக்கவர். இருபத்தைந்து டொலர் வைத்து ஆடிவந்தவர் திடீரென இருநூறு வைத்தார். சிறிது நேரத்தில் கோட்டணிந்த இருவர் அவர் பின்னால் வந்து நின்றனர். ஒருவர் மிகப் பணிவாக, "ஐயா, உங்கள் ஆட்டம் எங்களுக்குத் தாங்காது. வேறெந்த ஆட்டமும் ஆடுங்கள், இது வேண்டாம்" என்றார். அவர் மறுப்பொன்றும் சொல்லாது தம் பந்தய வில்லைகளைப் பொறுக்கி எடுத்து எழுந்தார். அடையாள அட்டையைக் கேட்டனர். தர இயலாது என்றார். உள்ளறைக்கு வருமாறு கேட்டனர். "என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர்களா, அல்லது நான் போகலாமா?" என்று அமைதியாகக் கேட்டார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தனர். பின்னர், இனி இவ்விடத்திற் கால் வைத்தால் அத்துமீறற் குற்றமாகும் என்று மனப்பாடமாகச் சொல்லி அனுப்பினர். வில்லைகளைக் காசாக்கவும் நில்லாது அவர் வாயிலை நோக்கி நடந்தார்.

"களவு செய்தாரா?" என்று வினவினோம். "இல்லை, சேர். கணக்குத்தான் செய்தார்" என்றார் மாணவர்.

அவர் விளக்கியது இது. நெவாடாவில் மனத்தால் எண்ணுதல் குற்றமன்று. கருவி கொண்டு எண்ணுவதே 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எனினும் வேண்டாதவரை வெளியேற்றும் உரிமை கசினோவுக்கு உண்டு. எச்சரித்த பின்னரும் திரும்பி வந்தாலே அவர் குற்றவாளியாவார். ஏமாற்றியதாக நம்பத் தகுந்த காரணமிருந்தால் மட்டும் ஒருவரை நியாயமான அளவு நேரம் தடுத்து வைக்கலாம், எண்ணுதல் ஏமாற்றன்று. ஆதலால் அனுபவசாலிகள் வாதாடுவதில்லை, கை ஓங்குவதில்லை, உள்ளறைக்குத் தாமாகச் செல்வதுமில்லை. அவ்வாறு தடுத்துவைக்கப்பட்ட ஜேம்ஸ் குரோஷான் என்பவர் வழக்காடி இழப்பீடு பெற்றார். தடுத்து வைத்தோரின் பொறுப்பை நெவாடா உச்ச நீதிமன்றம் 2009இல் உறுதிசெய்தது.

இதைக் கேட்டபோது எமக்கு நளன் கதை நினைவுக்கு வந்தது. தேரிற் செல்லும்போதே தான்றி மரத்தின் காய்களை எண்ணிச் சொன்ன இருதுபன்னன், அந்த எண்ணின் கலையை நளனுக்குக் கற்பித்தான். அதன் பின்னரே நளன் சூதில் வென்று நாட்டை மீட்டான். இருதுபன்னன் இங்கே வந்திருப்பின் அவனையும் கோட்டணிந்த இருவர் வாயில்வரை கொண்டுசென்று விட்டிருப்பர். பிள்ளைகளுக்கு மனக்கணக்குக் கற்பித்தே காலங்கழித்த எமக்கு, மனக்கணக்குச் செய்த ஒருவர் வெளியேற்றப்பட்ட காட்சி உறுத்தவே செய்தது. மாணவரோ, "வியாபாரம், சேர், தோற்பவனை நம்பித்தான் கடையே நடக்கிறது" என்று இலேசாகச் சொன்னார்.

அதே நாட்டின் கிழக்குக் கரையில் நியாயம் வேறு. நியூ ஜேர்சி மாநிலத்து அத்திலாந்திக் நகரிலே முதற் கசினோ 1978இல் திறக்கப்பட்டது. அங்கே வெளியேற்றப்பட்ட கென் அஸ்டன், முன்னர் பங்குச் சந்தை அதிகாரியாயிருந்தவர், வழக்குத் தொடுத்தார். பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட இடத்திலிருந்து, எண்ணுகிறார் என்பதற்காக ஒருவரைக் கசினோ தன்னிச்சையாக விலக்க முடியாது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. கசினோக்கள் சும்மா இருந்தனவா? எண்ணுபவர் வந்தமர்ந்தால் சீட்டுக்கட்டை அடிக்கடி கலைத்தன; அவர் பந்தயத்துக்கு வரம்பிட்டன. அவர் மேசையில் இருக்கலாம், கணக்குத்தான் நிலைப்பதில்லை.

புறப்படுமுன், ஆடிக் கழித்த சீட்டுக்கட்டுகளை நடுவே துளையிட்டு நினைவுப் பொருளாக விற்கும் கடையொன்றிற் கட்டொன்று வாங்கினோம். அன்றிரவு விடுதியிலே மாணவர் ஒவ்வொரு சீட்டாக வைக்க, யாம் எண்ணினோம். ஐம்பத்திரண்டும் முடியும்போது விடை பூச்சியமாதல் வேண்டும். முதன்முறை எமக்கு மூன்று வந்தது. மறுமுறை இரண்டு குறைந்தது. "சேர், உங்களை ஒரு கசினோவிலும் மறிக்க மாட்டார்கள்" என்றார் மாணவர்.