அப்பா கேட்ட பாட்டு

சங்கீத விஷயத்தில் எங்கள் ஊருக்குப் பெரிய கியாதி ஒன்றும் கிடையாது. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் என்ற தோல் ஆலையால் வந்தது. ஆலையின் பெயரைத் தலையில் சூட்டிக்கொண்ட ஊரில் பிறந்தவனுக்கு விடியற்காலையில் குயிலோசையா கேட்கும்? ஒரு பக்கம் 1931-ம் வருஷம் தொடங்கி இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில். இன்னொரு பக்கம் ஜி.எஸ்.டி. ரோடு. ஆகாயத்தில் மீனம்பாக்கத்து விமானங்கள். அவை சற்று ஓய்ந்தால், தாம்பரம் விமானப் படைத் தளத்திலிருந்து கிளம்பும் பயிற்சி விமானங்கள். நான் சிறுவனாக இருந்த நாளில் திரிசூலம், பல்லாவரம், பம்மல் பக்கங்களில் கல் உடைக்கும் யந்திரங்கள் வேறு கடகடத்துக்கொண்டிருந்தன.

ஆகவே, சென்ற தீபாவளி விடுமுறைக்கு வந்த என் அக்கா மகன், "மாமா, இரைச்சலையே பாட்டாப் பண்ணின ஒரு ஆல்பம் இருக்கு, கேக்கறீங்களா?" என்றபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"அதுக்கு ஆல்பம் எதுக்குடா? ஜன்னலைத் திறந்தா போதுமே!" என்றேன்.

பையன் விடுகிறவனாக இல்லை. கைபேசியை எடுத்தான், மாதுளம்பழம் அளவில் ஒரு ஒலிபெருக்கியை மேஜைமேல் வைத்தான். முதல் பாட்டு ஒரு நிமிஷம்கூட இல்லை. யாரோ விசைப்பலகையைத் தட்டுகிறார்கள், ஒரு குரல் என்னவோ முணுமுணுக்கிறது, அவ்வளவுதான். இரண்டாவது பாட்டு ஆரம்பித்தது. ஆரம்பித்தது என்றா சொன்னேன்? சுவரில் துளை போடும் யந்திரம் ஒன்றை என் காதுக்குள் விட்டுத் திருகினாற் போலிருந்தது. சமையலறையிலிருந்து என் மனைவி அலறினாள்: "என்னங்க! மோட்டார் தண்ணி இல்லாம ஓடுது போல இருக்கு, ஓடிப் போய் நிறுத்துங்க!"

நான் ஓடிப் போய் நிறுத்தினேன், மோட்டாரை அல்ல.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பையன் போகிற போக்கில், "பாடறது நம்ம தமிழ்ப் பொண்ணு மாமா. சின்ன வயசுல கொஞ்ச நாள் மெட்ராஸ்லயும் இருந்திருக்காங்க" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போனான். பத்திரிகைக்காரனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

வாசகர்களில் பலர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கலாம். மாதங்கி அருள்பிரகாசம். உலகம் அவரை எம்.ஐ.ஏ. என்று அழைக்கிறது, வேண்டியவர்களுக்கு மாயா. 1975-ல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், யுத்தம் முற்றியபோது தாயாருடன் சென்னைக்கு வந்து, மறுபடி யாழ்ப்பாணம் போய், 1986-ல் அகதியாக லண்டன் திரும்பியவர். 2005-ல் வந்த முதல் ஆல்பத்துக்கு, கூட இல்லாத தகப்பனாரின் இயக்கப் பெயரையே வைத்தார்: "அருளர்." 2007-ல் வந்த இரண்டாவதுக்குத் தாயாரின் பெயர்: "கலா." அந்தக் "கலா"வுக்காகச் சென்னைக்கே வந்து உறுமி மேளம் பதிவு செய்துகொண்டு போனார். இளையராஜாவின் "தளபதி" படப் பாட்டு ஒன்றும் அதில் துண்டாக எட்டிப் பார்க்கிறது. ஏ.ஆர். ரஹ்மானோடு சேர்ந்து "ஸ்லம்டாக் மில்லியனர்" படத்துக்குச் செய்த பாட்டு 2009-ல் ஆஸ்கார் பரிந்துரை வரை போயிற்று. உலகமே தோளில் தூக்கிவைத்துக்கொள்ளத் தயாராக இருந்த சமயம் அது.

அந்தச் சமயத்தில், 2010 ஜூலையில், அவர் வெளியிட்டது இந்த ஆல்பம். தன் பெயரையே வைத்தார்: "மாயா." ஈழத்தில் யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, எப்படி முடிந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அட்டையில் அவர் முகத்தைக்கூட முழுசாகப் பார்க்க முடியாது; யூடியூபில் ஓடும் கோடுகள் முகத்தை மறைத்துக்கொண்டிருக்கும். ஆட்டம் போட வந்தவர்களுக்கு அவர் துளையிடும் யந்திரத்தைக் கொடுத்தார். பலருக்கு வந்ததே கோபம்! பிட்ச்ஃபோர்க் என்ற அமெரிக்க விமரிசனத் தளம் பத்துக்கு 4.4 மார்க்குப் போட்டது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சையில் எனக்குக் கிடைத்ததும் ஏறக்குறைய அதுவே. அதனால் ஒரு அனுதாபம் உண்டாயிற்று.

முதல் பாட்டையும் கேலி செய்தார்கள். இன்டர்நெட்டில் நாம் தட்டுவதெல்லாம் கடைசியில் சர்க்காரின் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதுதான் அதன் பொருள். அசட்டுச் சந்தேகம் என்று தள்ளினார்கள். 2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடன் அமெரிக்க உளவு இலாகாவின் காகிதங்களை வெளியிட்ட பிறகு யாரும் அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

இரைச்சலைச் சங்கீதமாக்குவது இவர் கண்டுபிடித்ததல்ல. 1913-லேயே லூய்ஜி ருஸ்ஸோலோ என்ற இத்தாலியர், இனி யந்திரங்களின் ஓசைதான் சங்கீதம் என்று அறிக்கை விட்டு, அதற்கென்றே வாத்தியங்களும் செய்தார். 1976-ல் லண்டனில் ஒரு கோஷ்டி தங்கள் இசைத்தட்டுக் கம்பெனிக்கு இண்டஸ்ட்ரியல் ரிக்கார்ட்ஸ் என்று பெயர் வைத்தது. அதிலிருந்துதான் இந்த வகைக்கே "ஆலைச் சங்கீதம்" என்ற பொருளில் பெயர் வந்தது. 1980-ல் மேற்கு பெர்லினில் "இடிந்து விழும் புதுக் கட்டடங்கள்" என்று அர்த்தம் வரும் பெயரோடு ஒரு கோஷ்டி கிளம்பி, தகரத்தையும் இரும்பையும் அடித்துப் பாடியது. அவர்களில் சிலர் 1984-ல் லண்டன் மேடை ஒன்றில் கச்சேரி செய்தபோது மேடைப் பலகையையே துளைக்க ஆரம்பித்துவிட்டார்கள். நம் சபாக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

இவ்வளவும் படித்துத் தெரிந்துகொண்டேனே தவிர, ரசிக்க முடிந்ததா? இல்லை. பன்னிரண்டு பாட்டு, ஏறக்குறைய 40 நிமிஷம். குரோம்பேட்டையில் ரயில் ஏறிக் கோட்டை ஸ்டேஷனில் இறங்குவதற்குச் சரியாக இருக்கும். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். ஒன்பதாவது பாட்டில், 1977-ல் வந்த ஒரு அமெரிக்க இரட்டையரின் பாட்டை எடுத்து அதன் மேல் முரசை அடித்து நொறுக்குகிறார். பதினோராவதில், 1959-ல் பதிவான அமெரிக்கத் தென்னாட்டுக் கிராமத்துத் தேவாலயப் பாட்டு ஒன்று அடியில் ஓடுகிறது. பயிற்சியில்லாத தொண்டைகள், வெறும் நெஞ்சு பலம். அது மட்டும் பிடித்தது. மற்றதெல்லாம், உண்மையைச் சொன்னால், எனக்கு ஏற்கெனவே தெரிந்த சத்தம். தெரிந்தது மட்டுமல்ல, பிடிக்காத சத்தம்.

இதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு இப்போது வயது 68. எங்கள் பக்கத்துப் பட்டறை ஒன்றில் 31 வருஷம் பவர் பிரஸ்ஸில் வேலை பார்த்தார். தகட்டை அச்சில் வைக்க வேண்டும், பெடலை மிதிக்க வேண்டும், மேலிருந்து இரும்பு இறங்கித் தகட்டை வெட்டும். டங்! எடுத்துப் போடு, அடுத்தது. டங்! நாளைக்கு எட்டு மணி நேரம். எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்று இந்த நாட்டில் விதி இருக்கிறது. இரைச்சலால் காது போவது, சட்டத்தின் அட்டவணையில் ஏறிய ஒரு தொழில் நோய். தெரிவித்தாக வேண்டிய நோய். அந்தப் பட்டறையில் அதை யாரும் யாருக்கும் தெரிவிக்கவில்லை. அப்பா காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். "என்ன, கல்யாணத்துக்கு அத்தர் வெச்சியா?" என்று மேஸ்திரி கேலி செய்ததாகச் சொல்வார். இப்போது அந்த இடத்தில் அடுக்கு மாடி வீடுகள் இருக்கின்றன.

காது டாக்டர் எனக்கு விளக்கினார். இந்த மாதிரிக் காதில் உச்ச ஸ்தாயிதான் முதலில் போகும். கனமான ஓசைகள் பிழைத்திருக்கும். பேச்சில் 'ச', 'த', 'க' மாதிரி மெல்லிய எழுத்துக்கள் உதிர்ந்துவிடும். லாரி போவது கேட்கும். பேத்தி "தாத்தா" என்பது கேட்காது. காதுக்கருவி வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்துக்கொண்டார். "தகரத்தை ஆணியால கீறற மாதிரி இருக்குடா" என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். அதன் பிறகு எங்கள் பேச்சு "சாப்பிட்டாச்சா?", "மாத்திரை போட்டாச்சா?" என்ற அளவுக்குச் சுருங்கிப் போயிற்று. கத்திப் பேச எனக்குக் கூச்சம்; கத்தச் சொல்ல அவருக்குக் கூச்சம்.

வேறொரு கூச்சமும் எனக்கு உண்டு. கல்லூரியில் நண்பர்கள் கேட்டால், "அப்பா சூப்பர்வைசர்" என்று சொல்லி வைத்திருந்தேன். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த நாளில்தான் அவரைப் பிரஸ்ஸிலிருந்து எடுத்து ஸ்டோர் ரூமில் போட்டார்கள். சம்பளமும் குறைந்தது. ஏதோ தப்புச் செய்துவிட்டார், தண்டனை கொடுத்துவிட்டார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மனைவி குழந்தையை அழைத்துக்கொண்டு செம்பாக்கத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். கட்டுரைக்குக் குறிப்பு எடுக்கலாம் என்று அந்த ஒலிபெருக்கியில் ஆல்பத்தை உரக்கவே வைத்தேன். இரண்டாவது பாட்டு வந்தது. வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து உள்ளே வந்தார்.

"யாருடா டிரில் போடறது?"

நான் ஒலிபெருக்கியைக் காட்டினேன். அவர் குனிந்து, நல்ல காதான இடது காதை அதன் பக்கம் வைத்துக்கொண்டார். நிறுத்தச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சற்று நேரம் கழித்து, "முனை மழுங்கிப் போச்சு. இழுக்குது பாரு. அவனை நிறுத்தச் சொல்லு, பிட்டு உடைஞ்சிடும்" என்றார்.

"அது பாட்டு அப்பா!" என்று கத்தினேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான் கத்தினேன்.

"பாட்டா?" என்றார். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பிரஸ்ஸுல நிக்கறவன் கண்ணை நம்பக் கூடாது, காதைத்தான் நம்பணும். கிளட்ச்சு தேஞ்சு போச்சுன்னா, நீ மிதிக்காமலே இன்னொரு தரம் இறங்கிடும். அதுக்கு முன்னாடி நாலு அடி, அஞ்சு அடி சத்தம் மாறும். டங்குனு விழறது டடங்குனு விழும். அதைக் கேட்டதும் கையை எடுத்துடணும். கேக்காதவனுக்கு விரல் போகும். எங்க ஷெட்டுல அப்படி மூணு பேருக்குப் போச்சு."

கைகளை விரித்துக் காட்டினார். பத்தும் இருந்தன.

"எனக்கு ஒரு நாள் அந்த மாத்தம் கேக்கலை. பக்கத்து மெஷின்காரன்தான் என் கையைப் பிடிச்சு இழுத்தான். மறுநாளே முதலாளிகிட்டப் போய், என்னை ஸ்டோர்ஸுல போடுங்க, சம்பளம் குறைஞ்சாலும் பரவாயில்லைன்னு நானே கேட்டேன். நீ அப்பக் காலேஜு ரெண்டாவது வருஷம். விரல் போனா வேலையும் போயிடும், உன் படிப்பும் போயிடும் இல்லே?"

நானே கேட்டேன் என்கிறார்! நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பேனா என் கையில் சும்மா இருந்தது. ஆல்பம் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் நடு நடுவே, "இது கம்ப்ரஸர்," "இது தகரம், கனமில்லாத தகரம்," "இது என்னன்னு தெரியலை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மேல்நாட்டு விமரிசகர்கள் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். தகரத்தின் கனத்தை யாரும் எழுதிப் பார்க்கவில்லை. எனக்கும் அன்றைக்குத்தான் அந்த ஆல்பத்தைக் கேட்கும் வழி பிடிபட்டது. இனிமை எங்கே என்று தேடாமல், சத்தம் எங்கே மாறுகிறது என்று காத்திருந்தேன். டங்குனு விழுவது எப்போது டடங்கு ஆகிறது என்று காத்திருந்தபோது, அந்தப் பெண் இடத்துக்கு இடம் அதைச் செய்துவைத்திருப்பது தெரிந்தது. கை தானாகப் பின்னுக்கு வந்தது.

கடைசிப் பாட்டு மட்டும் வேறு தினுசு. சந்தடியெல்லாம் அடங்கி, ஆகாயத்தில் தனியாக மிதப்பது போல மெல்லிய குரலில் போகும். நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"முடிஞ்சு போச்சா?" என்றார் அப்பா.

"இல்லேப்பா, இன்னும் ஒண்ணு ஓடுது!" என்று அவர் காதருகில் போய்ச் சொன்னேன்.

ஒலிபெருக்கியையும் என் முகத்தையும் பார்த்தார். பாட்டு முடிகிற வரைக்கும் பேசாமல் காத்திருந்தார். நான் தலையை ஆட்டியதும், "சரி, அந்த டிரில்லை இன்னொரு தரம் போடு" என்றார்.