ஆணா பெண்ணா என்று தெரிய ஏழு வருடம்

சாதிக்காய் மரம் நடுகிறவருக்குப் பொறுமை தானாக வந்துவிடும். வேறு வழி இல்லை. விதையில் முளைத்த கன்று பூக்க ஆறேழு வருடம் ஆகும். பூத்த பிறகுதான் அது ஆண் மரமா பெண் மரமா என்று தெரியும். ஏறத்தாழப் பாதி ஆணாகிவிடும். ஆண் மரம் காய்க்காது. எங்கள் மாத்தளை மாவட்டத்தின் உக்குவளை, ரத்தோட்டைப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் இந்த ஏமாற்றம் தலைமுறை தலைமுறையாக நடக்கிற ஒன்று.

அதற்குப் பிறகு என்ன செய்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மகரந்தத்துக்காகப் பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரத்தை விட்டுவைத்தால் போதும். மிச்சத்தை வேரோடு பிடுங்கி எறியலாம். விஷயம் தெரிந்தவர்கள் எறிவதில்லை. மரத்தை மேலே வெட்டிவிட்டு, அதில் துளிர்க்கிற புதுக் கிளையில், நன்றாகக் காய்க்கும் பெண் மரத்து மொட்டை எடுத்து ஒட்டுக் கட்டுவார்கள். ஏழு வருடமாக மண்ணுக்குள் இறங்கிய வேர் வீணாகாது. புதுக் கன்று நட்டுக் காத்திருப்பதைவிட முன்னதாகவே காய் பார்க்கலாம். இந்தக் காலத்தில் ஒட்டுக் கன்றாகவே வாங்கி நட்டுவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம். ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலேயே இருக்கிறது. விவரம் கேட்க தூரம் போக வேண்டியதில்லை.

இவ்வளவும் நினைவுக்கு வரக் காரணம் என் தங்கை மகன். தம்புள்ளையில் ஒரு ஹோட்டலில் இருந்தான். பிறகு கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலை. இப்போது கொரிய வேலைக்காக மொழிப் பரீட்சைக்குப் படிக்கிறான். “காலத்துக்கேத்த மாதிரி மாறணும் மாமா, இல்லாட்டி முன்னேற ஏலாது” என்கிறான். கைபேசியில் யாரோ ஒருவர் மேடையில் நடந்துகொண்டே சொன்னது. அவனுடைய அப்பா, என் மச்சான், இதற்கு நேர்மாறு. ஒரே கடையில் கணக்கெழுதியே ஓய்ந்தவர். கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது முதலாளி செலவு செய்து படிக்க அனுப்பப் பார்த்தார், இவர் போகவில்லை. ஒரு வீட்டில் இரண்டு தத்துவம். சோற்று நேரத்தில் இரண்டும் மோதும்.

இரண்டு பேருக்கும் நான் சொல்ல நினைப்பது இந்த ஊரின் கோப்பிக் கதையைத்தான். தேயிலைக்கு முன் மாத்தளை கோப்பிச் சீமை. 1869இல் இலங்கைத் தோட்டங்களில் இலைத் துரு நோய் தென்பட்டது. விளைச்சல் குறைந்தது, ஆனால் உலகச் சந்தையில் விலை ஏறியது. விலையைப் பார்த்த துரைமார் இன்னும் காட்டை வெட்டி இன்னும் கோப்பி வைத்தார்கள். பத்து வருடத்துக்கு மேல் அப்படியே ஓடியது. 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் வந்து சேர்ந்தபோது, அதில் ஏற்ற வேண்டிய கோப்பி செத்துக்கொண்டிருந்தது. 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி மூடப்பட்டது. அந்தத் துரைமாரிடம் விடாமுயற்சிக்குக் குறைவே இல்லை. இலையைத் திருப்பிப் பார்க்கத்தான் மனம் வரவில்லை.

கண்டிப் பக்கம் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். நோய்க்கு இரண்டு வருடம் முன்பு! அதற்காக அவர் கோப்பித் தோட்டத்தை அழித்துவிடவும் இல்லை. கையில் இருந்த வேலையைச் செய்துகொண்டே ஒரு மூலையில் சோதித்துப் பார்த்தார். மாத்தளையும் பிறகு பிழைத்துக்கொண்டது. மேட்டில் தேயிலை, தாழ்வில் கொக்கோ, இறப்பர், மிளகு, கராம்பு என்று அந்தந்த மண்ணுக்கு அந்தந்தப் பயிர்.

இந்தக் கதையைத் துரைமாரோடு நிறுத்தினால் பாதிப் பொய்யாகிவிடும். கோப்பி பருவத்துக்கு ஆள் கேட்கிற பயிர். தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள் பலர் பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டும்; ஆகவே குடும்பம் குடும்பமாக லயத்திலேயே தங்கினார்கள். பயிரை மாற்றியது துரை. அதனால் வாழ்க்கை மாறிப்போனது நம்மவர்களுக்கு. 2023இல் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்தப் பாதையில் மறுபடி நடந்தார்களே, அது இதை நினைவூட்டத்தான். காணியும் வீடும் சொந்தமில்லாத ஒருவரிடம் போய் ‘மாற்றத்தை ஏற்றுக்கொள்’ என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் வராது.

மாற்றத்தைத் தாங்களே தீர்மானித்தவர்களைப் பார்க்க வேண்டுமானால் மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை வீதியில் மூன்று கிலோமீற்றர் தள்ளி, அலுவிகாரைக்குப் போக வேண்டும். புத்தரின் போதனைகளைப் பிக்குகள் நூற்றாண்டுகளாக மனப்பாடமாகவே காத்துவந்தார்கள். கி.மு. முதலாம் நூற்றாண்டில் போரும் பஞ்சமும் சேர்ந்து வந்தன. மனப்பாடம் செய்தவர்களே செத்துப்போனால் எல்லாம் போய்விடும் என்ற நிலை. அந்தக் குகைகளில் உட்கார்ந்து திரிபிடகத்தை ஓலையில் எழுதினார்கள் என்கிறது பௌத்த மரபு. ஓதிக் காப்பதையே ஒழுக்கமாகக் கொண்டிருந்தவர்களுக்கு எழுத்தாணியைக் கையில் எடுப்பது சின்ன விஷயமாக இருந்திருக்காது. இன்றும் அங்கே போகிறவர்களுக்கு ஓலையில் எழுதிக் காட்டுகிறார்கள்.

தங்கை மகனைக் கொரியாவுக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. அவனிடம் நான் கவனித்த ஒன்று உண்டு. ஹோட்டலில் இருந்த காலத்தில் இங்கிலீஷ் பிடித்துவிட்டான். கட்டுநாயக்காவில் சிங்களம் சரளமானது. இப்போது கொரிய மொழி. வேலை மாறிக்கொண்டே இருந்தாலும், போன இடத்திலெல்லாம் பாஷை படிப்பதை விடவில்லை. அவனுக்கே இது உறைக்கவில்லை. பரீட்சை தேறினாலும் தேறாவிட்டாலும் அந்தப் படிப்பை நிறுத்தாதே, சிகிரியா நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது, அங்கே வருகிறவர்களுக்கு அவர்கள் பாஷையில் பேசுகிற வழிகாட்டி தேவை என்று சொன்னேன். அந்த யோசனை நல்லா இருக்கே மாமா என்றான். மச்சானிடமும் கம்ப்யூட்டர் பேச்சை எடுத்தேன். கணக்குத் தெரியாதவனுக்குத்தான் அந்தப் பெட்டி தேவை என்கிறார், இன்னும்.